முப்பது ஆண்டுக்கு மூன்று நாள் குறைவு

போர்க்கின் கட்சியில் இருப்பவர்களுக்கும் நடாலின் கட்சியில் இருப்பவர்களுக்கும்,



மே கடைசியில் பாரிஸில் பிரெஞ்சு ஓபன் தொடங்கியதும் உங்கள் வழக்கும் தொடங்கிவிடுகிறது. பியோர்ன் போர்க்கும் ரஃபேல் நடாலும் ஒரே காலத்தில் ஆடியிருந்தால் செம்மண்ணில் யார் கை ஓங்கியிருக்கும்? நடாலின் கட்சி 14 கோப்பைகளை எடுத்து மேசைமேல் வைக்கிறது. போர்க்கின் கட்சி மரமட்டையை எடுத்து வைக்கிறது. அதற்குமேல் வழக்கு ஓர் அங்குலம் நகர்வதில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் உயர்கிறது, அப்புறம் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது. இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பேச்சு கிடைக்க வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

எனக்கு இருவரும் வேண்டியவர்கள். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தும் பேச்சு எங்கு நடந்தாலும் மனம் சங்கடப்படுகிறது. அதனால் நடுவர் நாற்காலியில் ஏறித் தீர்ப்பு வாசிக்க நான் வரவில்லை. நீங்கள் இரு தரப்பும் கவனிக்காமல் விட்ட ஒரு கணக்கைக் காட்ட வந்திருக்கிறேன்.

பிறந்தநாளிலிருந்து தொடங்குவோம். போர்க் பிறந்தது 1956 ஜூன் 6. நடால் பிறந்தது 1986 ஜூன் 3. இடைவெளி 30 ஆண்டுக்கு 3 நாள் குறைவு. இரண்டு பிறந்தநாளும் பிரெஞ்சு ஓபனின் நாட்களுக்குள்ளேயே பெரும்பாலும் வந்து விழுகின்றன. அதாவது, ஒரு பிரெஞ்சு ஓபனின்போது போர்க்குக்கு என்ன வயதோ, சரியாக 30 ஆண்டு கழித்து அந்தப் போட்டியின்போது நடாலுக்கும் அதே வயது. போட்டி நடப்பதும் அதே ரோலாண் காரோஸ் மைதானத்தில். 1928 முதல் அதே இடம், அடியில் சுண்ணாம்புக்கல், மேலே ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில் தூவிய அதே செங்கல் பொடி. வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை எதிரெதிரே நிறுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி டென்னிஸில் கிடைக்காது.

இருவரும் 22 வயதை எட்டிய வாரங்களைப் பாருங்கள். 1978இல் போர்க் 7 ஆட்டங்களில் ஒரு செட்டும் இழக்கவில்லை. மொத்தமாக அவர் விட்டுக்கொடுத்தது 32 கேம்தான். இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் கியெர்மோ விலாஸை 6-1, 6-1, 6-3 என்று வீழ்த்தினார். விலாஸ் அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியன், செம்மண்ணில் தொடர்ந்து 53 ஆட்டங்களை வென்றிருந்தவர். 2008இல் நடாலும் ஒரு செட்கூட இழக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் உலகின் முதல் நிலை வீரர் ரோஜர் ஃபெடரரை 6-1, 6-3, 6-0 என்று அனுப்பிவைத்தார். ஒரு மாதம்கூட ஆகாமல் போர்க் விம்பிள்டனில் ஜிம்மி கானர்ஸை வென்றார், நடால் ஃபெடரரை வென்றார். செம்மண்ணிலும் புல்லிலும் ஒரே கோடையில் கொடி நாட்டிய இரண்டு 22 வயது இளைஞர்கள்.

இன்னும் மூன்று ஆண்டு நகருங்கள். 1981 ஜூனில், 25 வயது நிறைந்த அதே வாரத்தில், போர்க் இவான் லெண்டிலை ஐந்து செட்டில் வென்று பாரிஸில் ஆறாவது கோப்பையைத் தூக்கினார். கிராண்ட்ஸ்லாம் கணக்கில் அது 11. 2011 ஜூனில், 25 நிறைந்த வாரத்தில், நடால் ஃபெடரரை வென்று பாரிஸில் ஆறாவது கோப்பையைத் தூக்கினார். கிராண்ட்ஸ்லாம் கணக்கில் அது 10.

பாரிஸில் ஆறும் ஆறும். மொத்தத்தில் 11ம் 10ம். நீங்கள் 22க்கு 11 என்றும் 14க்கு 6 என்றும் சண்டை போடுகிறீர்களே, அந்த இருவரும் 25 வயது வரை தோளோடு தோள் ஒட்டி நடந்திருக்கிறார்கள். சொல்லப்போனால் போர்க் ஓர் அடி முன்னே.

அதற்கடுத்த சில மாதங்களில் நடந்ததும் ஒன்றுபோலவே இருக்கிறது. 1981 ஜூலையில் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஜான் மெக்கன்ரோவிடம் போர்க் தோற்றார். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்திலும் அதே மெக்கன்ரோவிடம் தோற்றார். 2011 ஜூலையில் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் நோவக் ஜோகோவிச்சிடம் நடால் தோற்றார். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்திலும் அதே ஜோகோவிச்சிடம் தோற்றார். இருவரையும் 25 வயதில், தம்மைவிட இளைய ஒருவர், அதே இரண்டு மைதானங்களில் அடித்துச் சாய்த்திருக்கிறார்.

பாதை பிரிவது இதற்கப்புறம்தான். நியூயார்க்கில் தோற்ற போர்க் பரிசளிப்பு விழாவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அரங்கத்தை விட்டு வெளியேறினார். அதன்பின் ஒரு கிராண்ட்ஸ்லாம் போட்டியிலும் அவர் ஆடவேயில்லை. நடால் 2011இல் ஆறு இறுதி ஆட்டங்களில் ஜோகோவிச்சிடம் தோற்றார். 2012 ஜனவரியில் மெல்போர்னில் 5 மணி 53 நிமிடம் போராடி ஏழாவது முறையும் தோற்றார். ஏப்ரலில் மான்டி கார்லோவில் 6-3, 6-1 என்று திருப்பிக் கொடுத்தார். ஜூனில், மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன பாரிஸ் இறுதி ஆட்டத்தில் அதே ஜோகோவிச்சை வென்று ஏழாவது கோப்பையை எடுத்தார். போர்க்கின் ஆறைத் தாண்டியது அந்தக் கோப்பை.

நண்பர்களே, உங்கள் வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் ஓர் ஆட்டம் ஆடினால் யார் ஜெயிப்பார் என்பது சின்னக் கேள்வி. நான்கைந்து ஆண்டு இருவரும் ஒருவரையொருவர் விடாமல் துரத்தியிருந்தால் போர்க் என்னவாகியிருப்பார், நடால் என்னவாகியிருப்பார்? இது பெரிய கேள்வி. போட்டி என்று ஒன்று நீண்ட நாள் நடந்தால் அது இருவரையும் உருமாற்றாமல் விடாது. கிறிஸ் எவர்ட்டையும் மார்ட்டினா நவரத்திலோவாவையும் எண்ணிப் பாருங்கள். 1981இல் எவர்ட்டிடம் ஓர் இறுதி ஆட்டத்தில் 6-0, 6-0 என்று தோற்ற நவரத்திலோவா, உடற்பயிற்சியையும் சாப்பாட்டையும் தலைகீழாக மாற்றிக்கொண்டு யாரும் தொட முடியாத உயரத்துக்குப் போனார். அவரிடம் தொடர்ந்து அடிவாங்கிய எவர்ட் மரமட்டையைக் கீழே வைத்துவிட்டு கிராஃபைட் மட்டையை எடுத்தார், தானும் எடை தூக்கப் பழகினார், முப்பது வயதில் 1985 பாரிஸ் இறுதி ஆட்டத்தில் நவரத்திலோவாவை மூன்று செட்டில் வென்றார், மறு ஆண்டும் வென்றார். 80 ஆட்டங்கள் ஆடி 43-37 என்று முடிந்த கணக்கு அது. அந்த 80 ஆட்டமும் இல்லையென்றால் நாம் அறிந்த எவர்ட்டும் இல்லை, நாம் அறிந்த நவரத்திலோவாவும் இல்லை.

ஆகவே போர்க்கையும் நடாலையும் அப்படி ஒரு நெடும்போட்டியில் இறக்கிவிடுவோம். ஆனால் எந்த மட்டையோடு?

இங்கேதான் போர்க்கின் கட்சியினர் அவசரப்படுகிறீர்கள். "மரமட்டையைக் கையில் கொடுத்துப் பாருங்கள், நடாலால் பந்தை வலைக்கு மேலே தூக்கக்கூட முடியாது" என்கிறீர்கள். போர்க்கின் டானே நிறுவன மட்டை 400 கிராமை ஒட்டிய எடை. பந்து படும் முகம் இன்றைய மட்டையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். அதில் விலங்குக் குடல் நரம்பை ஏறக்குறைய 80 பவுண்டு இறுக்கத்தில் கட்டிக்கொள்வார். ராத்திரியில் ஹோட்டல் அறையில் நரம்புகள் தாமாகவே அறுந்து வெடிக்கும் சத்தம் கேட்கும் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட மட்டையில், அவ்வளவு சிறிய முகத்தில், பந்தைக் கீழிருந்து மேலே உரசி டாப்ஸ்பின் ஏற்றியவர் போர்க். கொஞ்சம் பிசகினால் பந்து சட்டத்தில் பட்டு வானத்துக்குப் போகும். நடாலின் கை ஓடும் வழி அதைவிடச் செங்குத்து. அடித்து முடித்த மட்டை தலைக்குமேல் சுழன்று இடது தோளுக்கே திரும்பும். அந்த வீச்சை அப்படியே மரமட்டைக்கு மாற்றினால் நிறைய பந்துகள் சட்டத்தில் படும் என்பது உண்மைதான்.

நடாலின் கட்சியினரே, உங்கள் பதில் எனக்குத் தெரியும். 1991இல் மான்டி கார்லோவில் போர்க் மறுபடி ஆட வந்தார். கையில் அதே மரமட்டை. எதிரே ஸ்பெயினின் ஜோர்டி அர்ரெசி. 6-2, 6-3 என்று அர்ரெசி ஜெயித்தார். இரண்டு காலங்கள் ஒரே செம்மண்ணில் நிஜமாகவே மோதிய ஆட்டம் அது, காலம் மாறியதை அந்த மதியம் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள் என்கிறீர்கள். ஆனால் அன்று மோதியவருக்கு வயது 34. பெரிய போட்டிகளை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய 22 வயதுக்கு அந்த ஆட்டத்தைச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயமில்லை. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கற்பனைக்கு இரண்டு வழி உண்டு. எந்த வழியில் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, வளர்ந்த வீரரைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு காலத்தில் இறக்கிவிடுவது. மற்றது, அவரை அந்தக் காலத்திலேயே பிறக்கவைப்பது. நீங்கள் பேச்சின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறீர்கள். போர்க்குக்கு நவீன மட்டையைச் சிறுவயதிலிருந்தே கொடுக்கிறீர்கள், நடாலுக்கு மரமட்டையை ஆட்டத்துக்கு முந்தின நாள் கொடுக்கிறீர்கள். அல்லது தலைகீழாக.

பிறக்கவைக்கும் வழியில் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். 1956இல் மயோர்க்கா தீவின் மனகோரில் நடால் பிறந்திருந்தால் அவருக்கு முன்னால் மானுவல் சந்தானா இருந்திருப்பார். பாரிஸை இரண்டு முறை வென்றவர், 1966இல் விம்பிள்டனையும் வென்றவர். செம்மண்ணின் கல்விக்கு ஸ்பெயினில் அப்போதும் குறையில்லை. இடது கையால் ஆடும் ஸ்பானியர் எப்படி இருந்திருப்பார் என்றால் அதற்கும் ஓர் ஆள் இருக்கிறார்: மானுவல் ஒராண்டெஸ். 1974 பாரிஸ் இறுதி ஆட்டத்தில் 18 வயதுப் போர்க்குக்கு எதிரே நின்றவர் அந்த ஒராண்டெஸ்தான். முதல் இரண்டு செட்டையும் 6-2, 7-6 என்று எடுத்துவிட்டார். அடுத்த மூன்று செட்டில் அவருக்குக் கிடைத்தது இரண்டே கேம். 6-0, 6-1, 6-1.

1986இல் ஸ்வீடனில் ஒருவர் பிறந்து நடாலை எதிர்கொண்டிருந்தால்? 1984இல் பிறந்த ராபின் சோடர்லிங் இருக்கிறார். பாரிஸில் முதல் 31 ஆட்டங்களிலும் தோற்காத நடாலை, 2009இல் நான்காவது சுற்றில் நான்கு செட்டில் வீழ்த்தியவர் ஒரு ஸ்வீடன்காரர். ஆனால் சோடர்லிங்கின் ஆட்டத்தில் போர்க்கின் சாயல் சிறிதும் இல்லை. உயரம், தட்டையான அடி, பொறுமைக்கு இடமில்லாத வேகம். ஆக, பிறக்கவைக்கும் வழியில் நாம் தேடும் ஆள் கைநழுவி வேறு ஒருவராக மாறிவிடுகிறார். அதனால்தான் எனக்கு அந்த வழியில் நாட்டமில்லை. 22 வயது நடாலும் 22 வயதுப் போர்க்கும் நாம் பார்த்த அதே உடலோடும் அதே கைப்பழக்கத்தோடும் வர வேண்டும். வந்தபின் புது மட்டைக்குப் பழக இருவருக்கும் ஒரே அளவு அவகாசம் தர வேண்டும். ஓர் ஆண்டு மரத்தில், மறு ஆண்டு பாலியெஸ்டர் நரம்பில் என்று மாறி மாறி ஆட வேண்டும்.

பாலியெஸ்டர் நரம்பை இங்கே சொல்லியாக வேண்டும். மட்டை பெரிதானதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், நரம்பு மாறியதைப் பற்றிப் பேசுவது குறைவு. 1997இல் உலகத் தரவரிசையில் 66ஆவது இடத்தில் இருந்த பிரேசிலின் குஸ்தாவோ குயர்டன் பாரிஸ் கோப்பையை வென்றபோது அவர் மட்டையில் இருந்தது இந்த நரம்பு. குடல் நரம்புகள் பந்து பட்டதும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பாலியெஸ்டர் வழுக்கும். பக்கவாட்டில் விலகி, பந்து புறப்படும் கணத்தில் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பி, போகிற போக்கில் பந்தை இன்னும் ஒரு சுழற்று சுழற்றிவிடும். நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3200 சுற்று என்ற வேகத்தில் சுழன்றதாக அளந்திருக்கிறார்கள். அந்தப் பந்து வலைக்கு மேலே ஆளுயரத்தில் போய், கோட்டுக்குள் மூக்குக் குத்தி விழுந்து, எதிராளியின் தோளுக்கு மேலே எகிறும். கையின் பலத்தோடு நரம்பின் பலமும் அதில் சேர்ந்திருக்கிறது. போர்க்கின் கைக்கு அந்த நரம்பு கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சிறிய முகத்தில், இறுகிய குடல் நரம்பில் அவ்வளவு சுழற்சி ஏற்றியவர் அல்லவா.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இடது கை நடாலின் குறுக்கு ஃபோர்ஹேண்ட், வலது கைக்காரரின் பேக்ஹேண்டுக்குப் போகும். ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் தோள் உயரப் பந்தில் பல ஆண்டு திணறியது. போர்க் இரண்டு கையால் அடிப்பவர், பந்து பட்டபின் இடது கையை விட்டுவிடுவார். ஐஸ் ஹாக்கி ஆடி வளர்ந்த கை. உயர்ந்த பந்து அவரை ஃபெடரர் அளவுக்கு வருத்தியிருக்காது. இடது கைக்காரரின் சுழல் பந்தும் அவருக்குப் புதிதல்ல. ஒராண்டெஸும் விலாஸும் இடது கைக்காரர்கள். பாரிஸில் வென்ற ஆறு இறுதி ஆட்டங்களில் மூன்று அவர்களுக்கு எதிராக வந்தவை.

ஆனால் விலாஸிடம் நடாலின் கால்கள் இல்லை. 1978இல் விலாஸ் செய்த பிழை, போர்க்கின் விளையாட்டையே போர்க்கிடம் ஆடியது. பின்கோட்டில் நின்று நாள் முழுக்கப் பந்தைத் திருப்பி அனுப்பினால் கடைசியில் களைப்பது யார் என்று விலாஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாரிஸில் 51 ஆட்டங்கள் ஆடிய போர்க் தோற்றது இரண்டே ஆட்டத்தில், 1973இலும் 1976இலும். இரண்டிலும் வென்றவர் இத்தாலியின் அட்ரியானோ பனாட்டா. மெதுவாகப் பந்தைச் சாய்த்து முன்னே இழுத்து, வலைக்கு ஓடிவந்து முடிக்கிறவர். நடாலின் டிராப் ஷாட்டையும் வாலியையும் நாம் மறந்துவிடுகிறோம், அவருடைய ஃபோர்ஹேண்ட் கண்ணை மறைத்துவிடுவதால். அவரிடம் ஒரு பனாட்டாவும் ஒளிந்திருந்தார். அதை வெளியே இழுத்துவர ஒரு போர்க் எதிரே தேவைப்பட்டார்.

மரமட்டை ஆண்டுகளில் முதல் ஆட்டம் போர்க்குக்கு என்று சொல்வேன், நான்கு செட்டில். இரண்டாம் ஆண்டு நடால் முன்னே வரத் தொடங்குவார். மூன்றாம் ஆண்டு போர்க் அதற்குப் பதிலாகத் தானே முன்னே வருவார், விம்பிள்டனுக்காகப் பயிற்சியாளர் லென்னார்ட் பெர்கெலினோடு சேர்ந்து சர்வீஸையும் வாலியையும் கட்டி எழுப்பியவர்தானே. பின்கோட்டின் இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவர் தொல்லையால் ஒருவர் வலைக்கு வந்து நிற்பதை என்னால் தெளிவாகப் பார்க்க முடிகிறது. பாலியெஸ்டர் ஆண்டுகளில் கதை வேறு. அங்கே முன்னே வருகிறவரைத் தாண்டிப் பந்தை அனுப்புவது எளிது, இருவரும் பின்னால் தள்ளப்படுவார்கள், ஆட்டம் ஐந்து மணி நேரம் போகும். அங்கே நடாலின் கை மேலோங்கும். நடாலைப் பிரெஞ்சு ஓபனில் இரண்டு முறை வென்ற ஜோகோவிச் செய்ததுபோல, பந்து எகிறும்போதே பேக்ஹேண்டால் கோட்டோரம் அடிக்கப் போர்க் கற்றுக்கொள்ளும் வரைக்கும். அவர் கற்றிருப்பார் என்று நம்புகிறேன்.

புல்லைப் பற்றிச் சுருக்கமாக. 2001இல் விம்பிள்டன் புல்லின் இனத்தை மாற்றியபின் தரை கெட்டியானது, பந்து நின்று எழுந்தது. போர்க் ஆடியது பழைய புல், வழுக்கி ஓடும் வெள்ளைப் பந்து. அந்தப் புல்லில் நடாலுக்கு இடமே இல்லை என்று போர்க்கின் கட்சி சொன்னால் ஏற்கமாட்டேன். டாப்ஸ்பின் சுழற்சியோடு அதே பழைய புல்லில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வெல்ல முடியும் என்று காட்டியவர் போர்க்தான். சுலபமாக வென்றார் என்றும் சொல்ல முடியாது. 1979இல் இரண்டாம் சுற்றிலேயே நம் சென்னையின் விஜய் அமிர்தராஜ் அவரை ஐந்து செட் வரை இழுத்தார், இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் முன்னணியிலும் இருந்தார். 1974இல் அமெரிக்க ஓபன் இன்னும் புல்லில் நடந்துகொண்டிருந்தபோது விஜய் போர்க்கை வென்றே விட்டார். தாழ்ந்து வரும் பந்து, முன்னேறி வரும் எதிராளி: போர்க்குக்குத் தொல்லை தந்தது அது. 2015இல் டஸ்டின் பிரவுன் அதே வழியில்தான் விம்பிள்டனில் நடாலை வென்றார். பழைய புல்லில் பத்து ஆட்டம் என்றால் போர்க்குக்கு ஏழு கொடுப்பேன்.

காலம் என்பதில் மட்டையும் நரம்பும் புல்லும் மட்டும் அடங்கவில்லை. 2005 இறுதியில் நடாலின் இடது பாதத்தில் ஓர் எலும்புக் கோளாறு தெரியவந்தது. இனி ஆடவே முடியாதோ என்ற நிலை. அவருக்கென்றே செய்த காலணி உள்தட்டுகள் அவரைக் காப்பாற்றின. 2022இல் 36 வயதில் 14ஆவது கோப்பையை வென்றபோது பாதத்து நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். 1970களில் இதெல்லாம் எந்த அளவுக்குக் கிடைத்திருக்கும்? நடாலின் கட்சியினர் இதை நேர்மையாக யோசிக்க வேண்டும். மரமட்டை ஆண்டுகளில் அவரை இறக்கும்போது அந்தப் பாதத்தையும் சேர்த்துத்தான் இறக்குகிறோம்.

போர்க்கின் பக்கத்தில் இதற்கு ஈடான ஒன்று இருக்கிறது. 15 வயதில் ஸ்வீடனுக்காக டேவிஸ் கோப்பை ஆட வந்தவர் அவர். 25இல் பத்தாண்டுக் களைப்பு. 1982இல் ஆட்டங்களைக் குறைத்துக்கொள்ள விரும்பினார். டென்னிஸ் நிர்வாகம் குறைந்தபட்சம் பத்துப் போட்டி என்றது, இல்லையென்றால் தகுதிச் சுற்றில் ஆட வேண்டும் என்றது. பாரிஸை ஆறு முறை வென்றவர் மான்டி கார்லோவில் தகுதிச் சுற்று ஆடினார். 1983 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தபோது வயது 26. இன்று வயதும் ஆடிய ஆட்டங்களும் கூடிய வீரர்களுக்குக் கட்டாயப் போட்டிகளைக் குறைக்கிறார்கள். நடால் காயத்தோடு பல மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கோப்பை வென்றிருக்கிறார். போர்க்குக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. அவர் ஓடிப்போனார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஓய்வு கேட்டவருக்கு ஓய்வு தரப்படவில்லை.

எதிராளியும் ஒரு காரணம், அதையும் ஒளிக்க வேண்டாம். மெக்கன்ரோ போர்க்கிடமிருந்து விம்பிள்டனையும் முதலிடத்தையும் எடுத்துக்கொண்டார். பாரிஸை அவர் தொடவில்லை. போர்க் பாரிஸில் கடைசியாக ஆடி முடித்தபோது கோப்பை அவர் கையில்தான் இருந்தது, 28 ஆட்டங்கள் தொடர்ந்து வென்ற நிலையில். புறப்படுகிறவருக்கு அதில் ஒரு நிறைவு இருந்திருக்கலாம். எதிரே வந்தவர் மெக்கன்ரோவாக இல்லாமல் நடாலாக இருந்திருந்தால்? பறிபோவது பாரிஸாக இருந்திருக்கும். பிறந்தநாளைக் கொண்டாடும் மைதானத்தை ஒருவன் எடுத்துக்கொண்டு போகிறான் என்றால் 25 வயதுப் போர்க் என்ன செய்திருப்பார்?

நான் போர்க்கின் முகத்தை நம்புகிறவன். சிறுவயதில் கோபத்தால் தண்டனை வாங்கி, அப்புறம் ஒரு சுளிப்புக்கூடத் தெரியாத முகத்தைத் தனக்குத்தானே செதுக்கிக்கொண்டவர். நடால் ஒரு மட்டையைக்கூட உடைத்ததில்லை, அவருடைய சித்தப்பா டோனி அப்படி வளர்த்தார். எதிராளிக்கு எதையும் காட்டாத இரண்டு முகங்கள். மெக்கன்ரோவின் கூச்சல் போர்க்கைத் தொடவில்லை என்றாலும் அவரைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் சத்தமாக்கியது. நடாலோடு என்றால் அது அமைதியான போட்டியாக இருந்திருக்கும். மைதானத்தில் கேட்பது பந்தும், செம்மண்ணில் கால் வழுக்கும் ஓசையும், நடாலின் மூச்சும்தான். அப்படிப்பட்ட எதிராளிக்காகப் போர்க் 26இலும் 27இலும் திரும்பி வந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடாலுக்கு 14 கிடைத்திருக்காது. போர்க்குக்கு ஆறோடு நின்றிருக்காது. நடாலின் கட்சியினரே, உங்கள் வீரரின் பாரிஸ் கணக்கிலிருந்து நான்கைந்தை நான் எடுத்துக்கொள்கிறேன். போர்க்கின் கட்சியினரே, உங்களுக்கு மூன்றைக் கூட்டித் தருகிறேன். இரு தரப்புக்கும் என்மேல் வருத்தம் இருக்கும்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த முறை பேச உட்காரும்போது மொத்தக் கோப்பைக் கணக்கை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். ராட் லேவரும் 11 கிராண்ட்ஸ்லாம்தான் வென்றார். தொழில்முறை வீரர் என்பதால் 1963 முதல் 1967 வரை ஐந்து ஆண்டு அவரை உள்ளேயே விடவில்லை. போர்க் ஆஸ்திரேலிய ஓபனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, 1974இல்தான் போனார். அன்று முன்னணி வீரர்கள் பலர் அவ்வளவு தூரம் போவதில்லை. அந்த எண்களை இன்றைய எண்களோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

அதற்குப் பதிலாக ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வயது 25. பாரிஸ், இறுதி ஆட்டம், மரமட்டை, குடல் நரம்பு. முதல் இரண்டு செட்டையும் நடால் எடுத்துவிட்டார், அன்று ஒராண்டெஸ் எடுத்ததுபோல. மூன்றாவது செட்டின் முதல் கேமில் போர்க் எங்கே நின்று பந்தை வாங்குகிறார், பின்கோட்டுக்கு இரண்டடி பின்னாலா, ஓரடி உள்ளேயா? ஏன்? எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.

அன்புடன்,
இரு கட்சிக்கும் வேண்டிய ஒரு டென்னிஸ் ரசிகன்